கதவைச் சாத்துபவர் காரணம் சொல்லட்டும்

1888 அக்டோபர் 8ஆம் தேதி 'பெல்ஜிக்' என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் சே சான் பிங் என்ற சீனத் தொழிலாளி இருந்தார். முதன்முறையாகப் பிழைப்புத் தேடி வந்தவரல்லர் அவர். 1875 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அதே ஊரில் வாழ்ந்தவர். 1887 ஜூனில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டபோது, திரும்பி வருவதற்கான சான்றிதழை அமெரிக்க அதிகாரிகளிடம் முறைப்படி வாங்கிக்கொண்டுதான் போனார். திரும்பும் கப்பல் கடலில் இருக்கையில், அக்டோபர் 1ஆம் தேதி, அமெரிக்கா ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. அத்தகைய சான்றிதழ்கள் எதுவுமே இனிச் செல்லாது என்றது அது. வந்து சேர ஒரு வாரம் இருக்கையில் அவர் கையிலிருந்தது வெறும் தாளாகிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1889 மே மாதம் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்நியரைத் தடுக்கும் அதிகாரம் நாட்டின் இறையாண்மையோடு ஒட்டிப் பிறந்தது, கொடுத்த அனுமதியை அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், சீனாவோடு செய்த ஒப்பந்தமே குறுக்கே நின்றாலும் பின்னால் வந்த சட்டம்தான் செல்லும்.

இன்று இந்தத் தீர்ப்பைப் படிப்பவர் யாரும் வியக்கமாட்டார்கள். விசா தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம், ஏன் என்று கேட்க நமக்கு வாயில்லை என்பது தூதரக வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நாடுகள் தோன்றிய நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் தோன்றும். ஆனால் சர்வதேசச் சட்டச் சிந்தனையின் வரலாற்றைப் புரட்டினால் அப்படி இல்லை. அந்தச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட அறிஞர்களில் முக்கியமான பலர் வந்தவரின் உரிமையிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார்கள். கதவைச் சாத்த நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. காரணம் சொல்லாமலே சாத்தலாம் என்ற கொள்கை நீதிமன்றங்களில் நிலைபெற்று ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அது நிலைபெற்ற விதமும் நேர்மையானதல்ல.

விருந்தோம்பல் என்றால் உறவினருக்கு இலை போட்டுப் பரிமாறுவது என்று இன்று பொருள் சுருங்கிவிட்டது. பழந்தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. விருந்தினர் என்றால் முன்பின் அறியாத புதியவர். உறவைப் பேணுவதற்குத் திருக்குறள் 'சுற்றந்தழால்' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறது. விருந்தோம்பல் அதனினும் வேறு. லத்தீன் மொழியில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. ஒருகாலத்தில் அந்நியரைக் குறித்த 'ஹோஸ்டிஸ்' என்ற சொல் பிற்பாடு பகைவரைக் குறிப்பதாக மாறிவிட்டதை ரோமானிய அறிஞர் சிசரோ பதிவு செய்திருக்கிறார். வாசலில் நிற்கும் புதியவர் விருந்தா, பகையா என்ற கேள்வி அவ்வளவு பழையது. அறநூல்கள் அதை வீட்டுக்காரரின் கடமையாகப் பார்த்தன. சட்ட அறிஞர்களோ, வந்தவருக்கு உரிமை உண்டா என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. இரக்கம் காட்டாதவரைப் பற்றி ஊரில் குறை பேசலாம், அவ்வளவுதான். உரிமையை மறுத்தவரையோ நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம்.

சலமான்காவில் தொடங்கிய வாதம்

கேள்வி சட்டமொழியில் முதன்முதலில் விரிவாக எழுந்த இடம் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகம். 1539இல் அங்கே இறையியல் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்தில் ஸ்பானியர்களுக்கு என்ன உரிமை என்று ஒரு தொடர் சொற்பொழிவாற்றினார். அன்று சொல்லப்பட்டு வந்த சாக்குகளை ஒவ்வொன்றாக உடைத்தார். பேரரசர் உலகத்துக்கே அதிபதி அல்லர். போப்பாண்டவருக்கு அந்த மக்கள்மீது அரசியல் அதிகாரம் கிடையாது. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கும்போது 'கண்டுபிடித்தோம்' என்பது உரிமையாகாது. கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்தது போர் தொடுக்கக் காரணமாகாது. இவ்வளவையும் துணிந்து சொன்ன பிறகு, ஸ்பானியர்கள் அங்கே போவதற்கு நியாயமான காரணங்கள் என்னவாக இருக்கலாம் என்று பட்டியலிட்டார். அதில் முதலாவது, பயணம் செய்யும் உரிமை. உலகம் தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. நிலங்கள் பின்னால் பிரிக்கப்பட்டபோதும், தீங்கு செய்யாமல் வந்துபோகும் உரிமையை மனிதர்கள் விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஆகவே தீங்கிழைக்காத அந்நியரைத் தடுப்பது அநியாயம் என்றார்.

கேட்க அழகான கொள்கைதான். அதன் வால் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஸ்பானியர்களை அந்த மக்கள் தடுத்தால், முதலில் இதமாகப் பேசி அச்சத்தைப் போக்க வேண்டும். அதற்கும் மசியாமல் தாக்கினால் தற்காத்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லையென்றால் போர் செய்து அடக்கவும் செய்யலாம் என்று வாதம் நீள்கிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு அந்தச் சொற்பொழிவின் முதல் பாதியே எரிச்சலூட்டியது. அதே ஆண்டு நவம்பரில் இத்தகைய விவாதங்களை நிறுத்தும்படி சலமான்காவுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் இரண்டாம் பாதி, விட்டோரியா விரும்பினாரோ இல்லையோ, ஆக்கிரமிப்புக்கு ஒரு வக்கீல் வாதமாகக் கிடைத்துவிட்டது. வந்துபோகும் உரிமை இரு தரப்புக்கும் பொது என்றாலும் பெருங்கடலைக் கடக்கும் கப்பலும் பீரங்கியும் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தன.

அதே சலமான்காவில், ஆறே ஆண்டுகள் கழித்து, அதே கொள்கைக்கு வேறொரு முகம் கிடைத்தது. பிச்சைக்காரர்கள் தங்கள் சொந்த ஊரில் மட்டுமே பிச்சை எடுக்கலாம் என்று காஸ்டில் அரசு 1540இல் சட்டம் போட்டிருந்தது. விட்டோரியாவின் தோழரான தொமிங்கோ தெ சோத்தோ 1545இல் அதை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். குற்றம் செய்யாத ஒருவரை ஓர் ஊரைவிட்டு விரட்டுவது தண்டனை, ஏழ்மை குற்றமல்ல, வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத ஊரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டிப்போட யாருக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரே கொள்கை ஒருவர் எழுத்தில் படையோடு கரையிறங்குபவருக்கும், இன்னொருவர் எழுத்தில் வெறுங்கையோடு வருபவருக்கும் துணை போயிருக்கிறது. அந்நியரின் உரிமை பற்றிய ஐந்நூறு ஆண்டு விவாதத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் கிடைக்கிறது: வாசலில் நிற்பவர் எதைக் கொண்டுவந்திருக்கிறார், அவரைத் திருப்பி அனுப்பினால் எதை இழப்பார்?

அகதியாக எழுதியவர்

ஹாலந்துக்காரரான ஹியூகோ குரோஷியஸின் வாழ்க்கையே இந்த இரண்டு முகங்களையும் காட்டும். 1603இல் சிங்கப்பூருக்கு அருகே போர்ச்சுக்கீசியர்களின் 'சாந்தா கதரினா' கப்பலை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். அதை நியாயப்படுத்தி எழுதித் தரும்படி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இளைஞரான குரோஷியஸைக் கேட்டுக்கொண்டது. அந்த எழுத்திலிருந்து பிரிந்து 1609இல் வெளிவந்ததுதான் 'சுதந்திரக் கடல்' என்ற புகழ்பெற்ற சிறுநூல். கடல் யாருக்கும் சொந்தமல்ல, எந்த மக்களும் எந்த மக்களோடும் போய் வணிகம் செய்யலாம் என்று விட்டோரியாவைத் துணைக்கழைத்து வாதிட்டது அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1621இல், அதே கம்பெனி சாதிக்காய் வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொள்ள பண்டா தீவு மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் அழித்தது. போய் வணிகம் செய்யும் உரிமை, மற்றவர் வராமல் தடுக்கும் உரிமையாக முடிந்தது.

அதே 1621இல் குரோஷியஸ் சொந்த நாட்டின் சிறையிலிருந்து புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிப் பாரிஸில் தஞ்சமடைந்தார். 1625இல் அங்கிருந்து அவர் வெளியிட்ட 'போர், அமைதி ஆகியவற்றின் சட்டம்' என்ற பெருநூலில் கம்பெனி வக்கீலின் குரல் இல்லை. சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டுப் புகலிடம் கேட்டு வருபவருக்கு, வந்த நாட்டின் ஆட்சிக்கும் சட்டத்துக்கும் கட்டுப்படுவார் என்றால், நிரந்தரமாகத் தங்கும் இடத்தை மறுக்கக் கூடாது என்று அதில் எழுதினார். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் மனிதர், அந்தப் பெயரை வாங்கித்தந்த நூலை அகதியாக இருந்தபோது வெளியிட்டார் என்பதை இன்றைய அரசுகள் அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

மறுப்பும் பலமாகவே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லூயிஸ் தெ மொலினா என்ற ஸ்பானிய இறையியலாளர், வலிமைமிக்க அந்நியர்களைக் கண்டு ஒரு நாடு அஞ்சினால் அவர்களைத் தடுப்பதில் தவறில்லை என்று விட்டோரியாவை மறுத்தார். 1672இல் ஜெர்மானிய அறிஞர் சாமுவேல் பூஃபெண்டார்ஃப், எத்தனை பேர் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எவ்வளவு நாள் தங்குவார்கள் என்று எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் உரிமை கொடுப்பது பக்குவமற்ற பேச்சு என்றார். 1758இல் சுவிட்சர்லாந்தின் எமெரிக் தெ வாட்டெல் இரு பக்கத்தையும் ஒரே நூலில் சேர்த்தார். நிலத்தின் ஆட்சியாளர் அந்நியர் நுழைவதைத் தடுக்கலாம் என்றார். நாடுகடத்தப்பட்டவர் மனிதர் என்ற தகுதியை இழந்துவிடுவதில்லை, பூமியில் எங்காவது வாழும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அதே நூலில் சொன்னார். தக்க காரணம் இருந்தால் ஒரு நாடு அவரை மறுக்கலாம். ஆனால் அற்பமான, ஐயத்துக்கிடமான காரணங்களைச் சொல்லி மறுக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. இந்த நிபந்தனைக்குப் பிற்காலத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காண்ட் போட்ட கோடு

வாதத்தைத் தெளிவாக்கியவர் இம்மானுவேல் காண்ட். 1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி' என்ற நூலில், உலக அமைதிக்கான மூன்று உறுதியான விதிகளில் ஒன்றாக விருந்தோம்பலை வைத்தார். இது தயவு அல்ல, உரிமை என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். அவர் காட்டும் காரணம் மிக எளியது: பூமி உருண்டை. சமதளமாக முடிவில்லாமல் விரிந்து கிடந்தால், பிடிக்காதவர்கள் விலகிப் போய்க்கொண்டே இருக்கலாம். உருண்டை என்பதால் எங்கே போனாலும் இன்னொருவர் வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆகவே வந்தவரைப் பகைவராக நடத்தாமலிருப்பது மனிதர் ஒருவருக்கொருவர் செய்தே ஆக வேண்டிய ஏற்பாடு. அதேசமயம் அந்த உரிமைக்கு எல்லையும் வகுத்தார். வந்து பார்ப்பதற்கு உரிமை உண்டு. வீட்டிலேயே தங்கிவிடுவதற்கு உரிமை கிடையாது, அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: அப்படி அனுப்புவதால் அவர் அழிந்துபோகக் கூடாது.

அதே பக்கங்களில் காண்ட் ஐரோப்பாவை வெளுத்து வாங்குகிறார். ஐரோப்பிய வணிக நாடுகளுக்கு அடுத்தவர் நாட்டைப் பார்க்கப் போவது என்றால் பிடிக்கப் போவது என்றே பொருள் என்கிறார். இந்துஸ்தானத்தில் வணிகக் கிட்டங்கி அமைக்கிறோம் என்ற பெயரில் படைகளைக் கொண்டுவந்ததையும், அதைத் தொடர்ந்த போர்களையும் பஞ்சங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இந்த விருந்தாளிகளின் குணத்தைப் பார்த்துவிட்டுச் சீனாவும் ஜப்பானும் அவர்களை வாசலோடு நிறுத்தியது புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறார். விட்டோரியாவின் கொள்கையிலிருந்த ஓட்டை இங்கே அடைபடுகிறது. ஆயுதத்தோடு வரும் வலியவருக்கு எதிராகக் கதவைச் சாத்தலாம். சாத்தினால் செத்துப்போவார் என்ற நிலையில் வரும் எளியவருக்கு எதிராகச் சாத்தக் கூடாது. விருந்தோம்பலின் சட்டம் இதைவிடச் சுருக்கமாக அமைய முடியாது.

தலைகீழான நூற்றாண்டு

அடுத்த நூறு ஆண்டுகளில் நடந்தது இதற்கு நேரெதிர். காண்ட் பாராட்டிய சீனக் கதவை 1839 முதல் 1842 வரை நடந்த அபினிப் போரில் பிரிட்டன் பீரங்கியால் உடைத்தது. நான்கிங் ஒப்பந்தம் ஐந்து துறைமுகங்களைத் திறக்க வைத்தது. சீனர்கள் வெளியேறிப் பிரிட்டிஷ் காலனிகளில் கூலி வேலைக்குப் போவதை அனுமதிக்க வேண்டும் என்று 1860இல் இன்னோர் ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியது. 1868இல் அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், வசிப்பிடத்தை மாற்றிக்கொள்வது மனிதரின் பறிக்க முடியாத உரிமை என்றே எழுதிவைத்தது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையைச் சீனத் தொழிலாளர்கள் மலைகளைக் குடைந்து போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதை 1869இல் முடிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நுழையத் தடைச் சட்டம் வந்தது. சே சான் பிங்கின் சான்றிதழைச் செல்லாததாக்கிய 1888ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தொடர்ச்சிதான்.

1892இல், ஜப்பானியப் பெண்ணொருவரின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்நியரைத் தடுக்கும் அதிகாரம் எல்லா நாட்டுக்கும் உண்டு என்பது சர்வதேசச் சட்டத்தின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடு என்று எழுதி, அதற்கு ஆதாரமாக வாட்டெலைக் காட்டியது. ஆட்சியாளர் தடுக்கலாம் என்ற பாதியைத்தான் காட்டியது. தக்க காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்ற மறுபாதி காணாமல் போயிற்று. இந்தக் கோட்பாடு எவ்வளவு மெல்லிய ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பதை ஜேம்ஸ் நாஃப்சிகர் என்ற சட்டப் பேராசிரியர் 1983இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அதே 1892இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசச் சட்டக் கழகம், நுழைவுரிமையைப் பொதுவாகவும் நிரந்தரமாகவும் மறுக்கக் கூடாது என்றுதான் விதி வகுத்தது. ஆனால் விலக்கு என்று சொல்லி, பழக்கவழக்கத்திலோ நாகரிகத்திலோ அடிப்படை வேறுபாடு இருந்தால் மறுக்கலாம் என்று சேர்த்துக்கொண்டது. யாரை மனத்தில் வைத்து அந்த வரி எழுதப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

பிரச்சினை வெறும் அந்நியர் என்பதல்ல என்பதை 1914இல் வான்கூவர் துறைமுகம் காட்டியது. 'கோமகாட்டா மாரு' கப்பலில் வந்த 376 பேர் பெரும்பாலும் பஞ்சாபியர். எல்லாரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். கனடாவும் அதே பேரரசின் பகுதி. சட்டப்படி அவர்கள் அங்கே அந்நியரே அல்லர். புறப்பட்ட நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வர வேண்டும் என்று 1908இல் போட்ட விதியைக் காட்டி, இரண்டு மாதம் கப்பலிலேயே நிறுத்திவைத்து, மிகச் சிலரைத் தவிர மற்றெல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து நேரே வர அன்று கப்பலே இல்லை என்பது விதி போட்டவர்களுக்குத் தெரியும். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கரையிறங்கியவர்கள்மீது போலீஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். 102 ஆண்டுகள் கழித்து, 2016இல், கனடா நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. காரணம் சொல்லாமல் சாத்தும் அதிகாரம் இருந்தால், சொல்லக் கூசும் காரணங்கள் அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பாதி உரிமை

அந்த அதிகாரத்தின் முழு விலை 1930களில் தெரிந்தது. 1938 ஜூலையில் யூத அகதிகளுக்காக எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன. டொமினிகன் குடியரசைத் தவிர வேறெந்த நாடும் குறிப்பிடும்படியாகக் கதவைத் திறக்க முன்வரவில்லை. 1939இல் 'செயின்ட் லூயிஸ்' கப்பலின் 937 பயணிகளில் பெரும்பாலோரைக் கியூபா இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பியவர்களில் 254 பேர் நாஜி இன அழிப்பில் மாண்டார்கள். திருப்பி அனுப்புவதால் அழிவு நேருமானால் அனுப்பக் கூடாது என்ற காண்டின் நிபந்தனை சட்டமாக இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. உயிருக்கு அஞ்சி நேரே ஓடிவந்தவரை அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு.

ஆனாலும் கட்டடம் பாதியில்தான் நிற்கிறது. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு எந்த நாட்டைவிட்டும் வெளியேறும் உரிமையைத் தருகிறது; எந்த நாட்டுக்குள்ளும் நுழையும் உரிமையைத் தரவில்லை. 14ஆம் பிரிவின் வரைவில் புகலிடம் 'கேட்கவும் அளிக்கப்பெறவும்' உரிமை உண்டு என்று இருந்தது. அரசுகள் ஆட்சேபித்ததால் அது புகலிடத்தைக் 'கேட்கவும் துய்க்கவும்' என்று மாறியது. துய்ப்பதற்கு உரிமை உண்டு, கொடுப்பதற்கு யாருக்கும் கடமையில்லை. பந்தியில் உட்காரலாம், பரிமாற ஆளில்லை என்பது போன்ற உரிமை இது.

இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, இலங்கையும் இடவில்லை. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதவர்க்கும் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டில் தங்கியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பதையும் அது தொடர்ந்து சொல்லிவருகிறது. 1983 முதல் தமிழ்நாட்டில் தஞ்சமடைந்த இலங்கைத் தமிழர்கள் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் வாழ்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வீடு, உதவித்தொகை, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அரசு செய்வது குறைவல்ல. 2021இல் அவற்றின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2025இல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு என்பது ஆணையால் வருவது. இன்னோர் ஆணையால் போகக்கூடியது. சே சான் பிங்கின் சான்றிதழும் அப்படிப்பட்டதுதான்.

எதிர்வாதங்கள்

இதற்கெல்லாம் வழக்கமாக வரும் பதில், என் வீட்டில் யாரை விடுவது என்பது என் விருப்பம் என்பது. ஒப்புமை அழகானது, ஆனால் பொருந்தாது. வீட்டுக்குள் விடாவிட்டால் வந்தவர் தெருவில் நிற்கலாம், சத்திரத்துக்குப் போகலாம். நாடுகளுக்கு வெளியே தெரு கிடையாது. பூமியின் வாழத்தக்க நிலம் முழுவதும் ஏதோ ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தினால் கடலில்தான் நிற்க வேண்டும். 'செயின்ட் லூயிஸ்' நின்றது அங்கேதான். பூமி முழுவதையும் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கு, பங்கு கிடைக்காதவரிடம் பதில் சொல்லும் பொறுப்பும் கூடவே வருகிறது.

எண்ணிக்கை பற்றிய கவலை இதைவிடக் கனமானது. பூஃபெண்டார்ஃப் அதை நியாயமாகவே எழுப்பினார். சிறிய நாடு, குறைந்த நீர், பற்றாத வேலை என்பவை உண்மையான காரணங்களாக இருக்கலாம். இருந்தால் சொல்லட்டும், சோதிக்கட்டும். 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடி என்பது ஐ.நா. மதிப்பீடு, உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அகதிகளிலோ நால்வரில் ஏறக்குறைய மூவர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். இனி இடமில்லை என்று உரத்துச் சொல்பவை பெரும்பாலும் அதிகம் சுமப்பவை அல்ல. எண்ணிக்கை ஒரு காரணம் என்றால் அது எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். எண்ணாமல் பயமுறுத்துவது காரணமாகாது.

தங்கள் சமூகத்தில் யார் உறுப்பினர் என்று முடிவு செய்யும் உரிமை மக்களுக்கு இல்லையென்றால் ஜனநாயகம் எதற்கு என்பது மற்றொரு கேள்வி. அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1983இல் இதை வலுவாக வைத்தார். ஆனால் அவரே இரண்டு வரம்புகளை ஏற்றுக்கொண்டார்: ஆபத்தில் தவிக்கும் அந்நியருக்கு, நமக்குப் பெரிய இழப்பில்லாத வரை, உதவும் கடமை உண்டு, உழைப்புக்காகச் சேர்த்துக்கொண்டவர்களை உறுப்பினராக்காமல் காலமெல்லாம் வெளியே நிறுத்தக் கூடாது. ஜனநாயகத்தில் அரசு எடுக்கும் வேறெந்த முடிவுக்கும் காரணம் கேட்கிறோம். சாலைக்கு நிலம் எடுத்தாலும் கேட்கிறோம். ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் முடிவுக்கு மட்டும் காரணம் வேண்டாம் என்பது ஜனநாயகத்தின் இலக்கணமல்ல.

கடைசியாக ஓர் ஆட்சேபம், வரலாறு தெரிந்தவர்களிடமிருந்து வருவது. அந்நியரின் உரிமை என்ற கொள்கை பிறந்ததே ஆக்கிரமிப்புக்குத் துணையாகத்தானே, அதை ஏன் மீட்க வேண்டும்? பண்டா மக்களிடமும் இன்கா மக்களிடமும் கேட்டால் கதவு இன்னும் கெட்டியாக இருந்திருக்கலாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கதவை உடைத்தவர்களும், பின்னாளில் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் வேறு வேறு ஆட்களல்லர். போகும்போது உரிமை, வரும்போது இறையாண்மை என்று வலியவர்கள் இரண்டு கொள்கைகளையும் தேவைக்கேற்ப மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். இரண்டில் எதையும் தூக்கி எறிவதால் இது சரியாகாது. எளியவரின் கதவையும் எளியவரின் பயணத்தையும் ஒரே சட்டம் காக்க வேண்டும்.

எல்லைகளைக் கலைத்துவிட வேண்டும் என்று இந்த வாதம் கேட்கவில்லை. கேட்பது அதைவிடச் சிறியது. மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அது நடுநிலையான ஒருவர் முன் சோதிக்கப்பட வேண்டும். பிறப்பும் நிறமும் மதமும் காரணமாகக் கூடாது. திருப்பி அனுப்பினால் உயிர் போகும் என்றால் எந்தக் காரணமும் போதாது. நம்பி வந்து பல்லாண்டு வாழ்ந்தவரின் அனுமதி ஒரே நாளில் வெறும் தாளாகக் கூடாது. 1888இல் அந்தத் துறைமுகத்தில் இந்த ஐந்தும் நடைமுறையில் இருந்திருந்தால் அதிகாரிகள் ஒரு காரணத்தை எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அந்த ஊரில் உழைத்த, எந்தக் குற்றமும் சாட்டப்படாத, கையில் அவர்களே தந்த சான்றிதழ் வைத்திருந்த ஒருவரைப் பற்றி, அவர் சீனர் என்பதைத் தவிர, எழுத அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.